உங்கள் கடைக்கு ஒரு குடை!

வெள்ளமும் தீயும் வந்தாலும் குடும்பம் தெருவுக்கு வராமல் காப்பது எப்படி?

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 17-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மழை கொட்டியது. சாதாரண மழை அல்ல. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! பல ஊர்களில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையே அவ்வளவு இருக்காது.

தாமிரபரணி கரை புரண்டது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நகர முடியாமல் நின்றது. சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். ஏரல் கடைவீதி தண்ணீரில் மூழ்கியது.

உயிர் தப்பியவர்கள் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். தண்ணீர் வடிந்தது. கடைக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். உள்ளே என்ன இருந்தது?

சேறு!

அரிசி மூட்டை ஊறி நாற்றம் எடுத்தது. சர்க்கரை கரைந்து போய்விட்டது. பிரிட்ஜ் பெட்டி மிதந்து வந்து குப்புறக் கிடந்தது.

ஒரே இரவில் இருபது வருஷத்து உழைப்பு போயிற்று. அடுத்த வேளைக்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்கு, மழை வருவதற்கு முன்பே பதில் தேடி வைத்தவர்கள் சிலர். மழை வந்த பிறகு தலையில் கை வைத்தவர்கள் பலர். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் என்ன? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு மளிகைக் கடை

ஒரு மளிகைக் கடையை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். பெரிய கடை அல்ல. ஆற்றங்கரை ஊரில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை. கடைக்காரரை எல்லோரும் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார்கள். மனைவி மாலை நேரத்தில் வந்து கல்லாவில் உட்காருவாள். வேலைக்கு ஒரு பையன். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான்.

கடையில் உள்ள சரக்கு, தட்டு, தராசு, பிரிட்ஜ் எல்லாம் சேர்த்து 10 லட்சம் ரூபாய் பெறும். அதில் 4 லட்சம் பாங்குக் கடன். மனைவியின் நகையும் அடகில் இருக்கிறது.

இப்படிப்பட்ட கடைகள் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு. தையல் கடை, ஓட்டல், மாவு மில், அச்சகம், பட்டறை, விசைத்தறிக் கூடம் எல்லாம் இதே ஜாதிதான். கடை நடந்தால் குடும்பம் நடக்கும். கடை நின்றால் குடும்பமும் நின்றுவிடும்.

பெரிய கம்பெனிக்கு ஒரு கிளை எரிந்தால் இன்னொரு கிளை இருக்கும். சிறிய கடைக்காரருக்கு இருப்பதே ஒரு கடை! ஆகவே, ஆபத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியவர் சிறிய கடைக்காரர்தான். ஆனால் பெரும்பாலும் அவர்தான் யோசிப்பதே இல்லை.

"எனக்கு ஒன்றும் வராது" என்பார். "கையில் இருக்கும் காசை ஏன் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும்?" என்பார்.

லண்டன் தந்த பாடம்

இன்ஷூரன்ஸ் என்பது இன்று நேற்று வந்தது அல்ல.

1666-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். லண்டன் நகரில் ஒரு ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. காற்று பலமாக அடித்தது. நான்கு நாட்கள் எரிந்த தீ, சுமார் 13 ஆயிரம் வீடுகளைச் சாம்பலாக்கியது.

அதன் பிறகு, நிக்கலஸ் பார்போன் என்ற டாக்டர் அந்த நகரத்தில் வீடு கட்டி விற்கும் தொழிலில் இறங்கினார். 1680-ம் ஆண்டு வாக்கில் அவர் ஒரு தீ இன்ஷூரன்ஸ் ஆபீசையும் தொடங்கினார். வருஷந்தோறும் ஒரு சிறு தொகை கட்டினால், வீடு எரிந்தால் நஷ்டஈடு கிடைக்கும்.

பின்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சொந்தமாகத் தீயணைப்பு ஆட்களையும் வைத்துக் கொண்டன. இன்ஷூர் செய்த வீட்டின் முகப்பில் கம்பெனியின் அடையாளத் தகடு பதித்திருக்கும்.

நம் நாட்டில் 1818-ம் ஆண்டு கல்கத்தாவில் ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்கியது. 1829-ல் சென்னையிலும் ஒன்று வந்தது. தீ, கடல் முதலிய ஆபத்துகளுக்கான "டிரைட்டன்" என்ற கம்பெனி 1850-ல் கல்கத்தாவில் பிறந்தது.

1956-ல் ஆயுள் இன்ஷூரன்சை அரசாங்கம் எடுத்துக் கொண்டது. 1973-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் தீ, திருட்டு, வாகனம் முதலிய பொது இன்ஷூரன்சும் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் நான்கு கம்பெனிகளாக ஒன்று சேர்ந்தன. அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 2000-ம் ஆண்டு முதல் தனியார் கம்பெனிகளும் மறுபடி வந்தன.

ஊர் கூடித் தேர்

இன்ஷூரன்ஸ் என்றால் என்ன? விளக்கம் மிகவும் எளிது.

கணக்குக்காக ஒன்று சொல்வோம். 1,000 கடைக்காரர்கள் சேர்ந்து ஆளுக்கு 2,000 ரூபாய் போடுகிறார்கள். மொத்தம் 20 லட்சம் ரூபாய். அந்த வருஷத்தில் இரண்டு கடைகள் எரிகின்றன. ஒவ்வொன்றிலும் நஷ்டம் 8 லட்சம். அந்த 20 லட்சத்திலிருந்து 16 லட்சத்தை எடுத்து இரண்டு பேருக்கும் கொடுக்கிறார்கள். மீதி, நிர்வாகச் செலவுக்கும் வரும் வருஷத்துக்கும்.

எரிந்த இரண்டு பேர் பிழைத்தார்கள். எரியாத 998 பேருக்கு ஆளுக்கு 2,000 ரூபாய்தான் செலவு. இரவில் நிம்மதியாகத் தூங்கினார்களே, அதற்கு அது கூலி!

பேராவூரணி, கீரமங்கலம் பக்கங்களில் மொய் விருந்து நடப்பது உண்டு. ஆடி மாதத்தில் விருந்து வைப்பார்கள். ஊரார் வந்து சாப்பிட்டு மொய் எழுதுவார்கள். அந்தப் பணத்தில் ஒருவர் தொழில் தொடங்குவார். பலர் சேர்ந்து ஒருவரைத் தூக்கி விடும் குணம் நம் மக்களுக்குப் புதிதல்ல.

ஆனால் ஒரு வித்தியாசம். மொய்ப் பணத்தைத் திருப்பி எழுத வேண்டும். இன்ஷூரன்ஸ் நஷ்டஈட்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நஷ்டம் வராவிட்டால் கட்டிய பணமும் திரும்பி வராது. "சும்மா போயிற்றே" என்று வருத்தப்படக் கூடாது. மழை வரவில்லை என்பதற்காகக் குடை வாங்கிய காசைத் திருப்பிக் கேட்கிறோமா?

முதலில் கடையைச் சுற்றிப் பாருங்கள்

இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டால் எல்லா வேலையும் முடிந்துவிடாது. முதல் காவல் உங்கள் கண்தான்.

ஒரு நாள் சாவகாசமாகக் கடையைச் சுற்றிப் பாருங்கள். எந்த எந்த வழியில் ஆபத்து வரலாம் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிறகு அவற்றை மூன்றாகப் பிரியுங்கள்.

ஒன்று, நாமே தடுக்கக் கூடியவை. பழைய ஒயரை மாற்றுவது. ஒரே பிளக்கில் நாலு சாமான் மாட்டாமல் இருப்பது. சாமி படத்துக்கு ஏற்றிய விளக்கை அணைத்துவிட்டுக் கடையைப் பூட்டுவது. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குவது. ஒரு தீயணைக்கும் கருவி வாங்கி, அதைக் கையாளும் முறையை வேலைக்காரப் பையனுக்கும் சொல்லித் தருவது. மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

இரண்டு, நாமே தாங்கக் கூடியவை. நாலு பாட்டில் உடையும். எலி இரண்டு மூட்டையைக் கடிக்கும். இந்தச் சில்லறை நஷ்டத்துக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் தேடாதீர்கள். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாகச் சேர்த்து வைத்தால் போதும்.

மூன்று, நம்மால் தாங்க முடியாதவை. கடையே எரிவது. வெள்ளம் புகுவது. வேலை செய்பவன் படுகாயம் அடைவது. குடும்பத் தலைவரே மறைந்து போவது. இவைதான் இன்ஷூரன்சிடம் ஒப்படைக்க வேண்டியவை.

அடிக்கடி வரும் சிறு நஷ்டத்தைத் தடுங்கள், அல்லது தாங்குங்கள். எப்போதோ வரும் பெரு நஷ்டத்துக்கு இன்ஷூர் செய்யுங்கள். இதுதான் சூத்திரம்!

என்ன என்ன பாலிசி உண்டு?

சிறிய தொழில்களுக்காகவே 2021-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பெயர் "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா". பெயர் வாயில் நுழையச் சிரமமாக இருக்கும். விஷயம் சுலபம். ஓர் இடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத தொழில்களுக்கு உரியது இது. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை உள்ளவர்களுக்கு "பாரத் லகு உத்யம் சுரக்ஷா" என்று வேறொன்று உண்டு.

தீ, இடி, வெடிவிபத்து, பூகம்பம், புயல், வெள்ளம், மண்சரிவு, கலகம் ஆகியவற்றால் கட்டிடத்துக்கும் இயந்திரத்துக்கும் சரக்குக்கும் வரும் சேதத்துக்கு இது ஈடு தரும்.

திருட்டுக்கு? மேலே சொன்ன விபத்து ஒன்று நடந்து, ஏழு நாட்களுக்குள் அதைச் சாக்கிட்டு நடக்கும் திருட்டுக்கு மட்டும் இதில் இடம் உண்டு. மற்றபடி, பூட்டை உடைத்துக் கொள்ளை போனால் அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். அதிலும் பூட்டையோ சுவரையோ உடைத்து நுழைந்த அடையாளம் இருக்க வேண்டும். வாடிக்கைக்காரர் போல் வந்து சோப்புக் கட்டியை மறைத்துக் கொண்டு போனால் நஷ்டஈடு கிடையாது. கடை ஆளே கையாடல் செய்தால், அதற்கு வேறு பாலிசி உண்டு.

கல்லாவில் உள்ள ரொக்கம், பாங்குக்கு எடுத்துப் போகும் பணம், லாரியில் வரும் சரக்கு ஆகியவற்றுக்கும் தனித் தனிப் பாலிசிகள் உண்டு. இவற்றில் பலவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கடைக்காரர்களுக்கென்றே ஒரே பாலிசியாகத் தரும் கம்பெனிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கேட்டு, தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

சரக்கு ஏற்றும் வண்டி வைத்திருந்தால், அது இடித்துப் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம். அது சட்டம். உரிய லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால், கடைசியில் அந்தச் சுமை உங்கள் தலையிலேயே விழலாம்.

வேலை செய்பவனுக்கும் குடும்பம் உண்டு

மாவு மில் பெல்ட்டில் கை சிக்கிவிட்டது. பையனின் விரல்கள் போய்விட்டன. யார் பொறுப்பு?

வேலை நேரத்தில் வேலையின் காரணமாகத் தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால், முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று 1923-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தப் பொறுப்பு இன்றும் முதலாளி மேல்தான் இருக்கிறது. உயிர் போனால் தொகை லட்சக் கணக்கில் போகும். இதற்கும் பாலிசி உண்டு. வேலையாட்களின் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் உள்ளபடி எழுதி எடுக்க வேண்டும்.

சரி, கடைக்காரரின் உயிருக்கு?

பாங்கிலோ தபால் ஆபீசிலோ கணக்கு உள்ளவர்களுக்காக 2015-ம் ஆண்டு இரண்டு திட்டங்கள் வந்தன. ஒன்றுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். 18 வயது முதல் 70 வயது வரை சேரலாம். இன்னொன்றுக்கு வருஷத்துக்கு 436 ரூபாய். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய். 18 வயது முதல் 50 வயது வரை சேரலாம்.

கடன் வாங்கித் தொழில் நடத்துகிறவருக்கு இது மட்டும் போதாது. கடன் தொகைக்குக் குறையாமல் ஆயுள் இன்ஷூரன்ஸ் இருப்பது நல்லது. கணவர் போன துக்கத்தோடு, கடன்காரர் வாசலில் நிற்கும் துக்கமும் மனைவிக்கு வரக் கூடாது அல்லவா?

பாதிக் குடை!

இனி, பலரும் செய்யும் பெரிய தவற்றுக்கு வருவோம்.

நம் அண்ணாச்சி கடைக்கு ஏஜெண்ட் வருகிறார். கணவனும் மனைவியும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"தம்பி! கடையில் 10 லட்சத்துக்குச் சரக்கும் சாமானும் இருக்கிறது. ஆனால் 5 லட்சத்துக்கு மட்டும் போட்டுக் கொடு. பிரீமியம் பாதியாகக் குறையும். கடை முழுவதுமா எரியப் போகிறது? எரிந்தாலும் 5 லட்சம் கிடைக்குமே, போதும்!"

அண்ணாச்சிக்குத் தன் சாமர்த்தியத்தில் ஒரு சிரிப்பு.

"அண்ணாச்சி! 4 லட்ச ரூபாய்ச் சரக்கு வெள்ளத்தில் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

"நாலு லட்சம்!"

"இல்லை. இரண்டு லட்சம்தான்!"

அண்ணாச்சியின் சிரிப்பு மறைந்தது. "அது எப்படி? நான்தான் 5 லட்சத்துக்குப் போட்டிருக்கிறேனே!"

"10 லட்ச ரூபாய்ச் சொத்தில் பாதிக்குத்தான் பிரீமியம் கட்டினீர்கள். மீதிப் பாதிக்கு நீங்களே இன்ஷூரன்ஸ் கம்பெனி மாதிரி! ஆகவே எந்த நஷ்டம் வந்தாலும் பாதி கம்பெனிக்கு; பாதி உங்களுக்கு. நஷ்டம் 4 லட்சம் என்றால் கம்பெனி தருவது 2 லட்சம்."

மனைவி அதுவரை பேசாமல் கேட்டுக் கொண்டிருந்தாள்.

"ஏங்க! பாதிக் குடை பிடித்தால் பாதி உடம்பு நனையத்தானே செய்யும்? பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, நகையை மீட்க முடியாமல் போனால் என்ன செய்வது?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

சிறு தொழில் பாலிசியில் ஒரு சலுகை உண்டு. மதிப்பில் 15 சதவிகிதம் வரை குறைந்திருந்தால் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். 10 லட்ச ரூபாய்ச் சொத்தை 9 லட்சத்துக்கு இன்ஷூர் செய்திருந்தால், 4 லட்ச நஷ்டத்தில் இந்தப் பாதிக் கணக்கு வராது. ஒவ்வொரு நஷ்டத்திலும் முதலில் ஒரு சிறு தொகையை மட்டும் கடைக்காரர் ஏற்க வேண்டும். அது எவ்வளவு என்று பாலிசியில் எழுதியிருக்கும்.

இதற்கு மாறாக, 10 லட்ச ரூபாய்க் கடையை 20 லட்சத்துக்கு எழுதினால் 20 லட்சம் கிடைக்குமா? கிடைக்காது. இழந்ததைத் தருவதுதான் இன்ஷூரன்ஸ். லாபம் தருவது அல்ல. சரக்குக்கும் வாங்கிய விலைதான் கணக்கு. விற்கும் விலை அல்ல.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சரக்கு கூடும் அல்லவா? அப்போது முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கூடுதல் பிரீமியம் கட்டித் தொகையை உயர்த்திக் கொள்ளுங்கள்.

இன்னும் நாலு தவறுகள்

முதல் தவறு: பாலிசியில் கடையின் முகவரி இருக்கும். இடம் போதவில்லை என்று பின் தெருவில் ஒரு கிடங்கு பிடித்திருப்பீர்கள். அந்த முகவரி பாலிசியில் இல்லையென்றால், அங்கே அடுக்கி வைத்த சரக்கு எரியும்போது கம்பெனி கையை விரித்துவிடும்.

இரண்டாவது தவறு: உண்மையை மறைப்பது. மளிகைக் கடை என்று எழுதிவிட்டுப் பட்டாசும் பெயிண்டும் வைத்து விற்பது. பிரீமியம் குறையும் என்று சொன்ன பொய், நஷ்டம் வந்த நாளில் எதிரில் வந்து நிற்கும். விண்ணப்பத்தை ஏஜெண்ட் நிரப்பினாலும், படித்துப் பார்த்து, படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவது தவறு: புதுப்பிக்க மறப்பது. இது வருஷா வருஷம் எடுக்க வேண்டிய பாலிசி. பிரீமியம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால்தான் கம்பெனிக்குப் பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. கொடுத்த செக் திரும்பி வந்தால் பாலிசியும் போச்சு! புயல் கொடி ஏறிய பிறகு பணத்தை எடுத்துக் கொண்டு ஓடினால், கம்பெனி ஏற்கத் தயங்கும்.

நாலாவது தவறு: "பாங்கு பார்த்துக் கொள்ளும்" என்று இருப்பது. கடன் கொடுத்த பாங்கு, இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லும். சில சமயம் அதுவே எடுத்துக் கணக்கில் பற்று எழுதிவிடும். ஆனால் அந்தப் பாலிசியில் எவ்வளவு தொகை, எந்த முகவரி, என்று முடிகிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. நஷ்டஈட்டுப் பணமும் முதலில் பாங்குக்குத்தான் போகும். ஆகவே பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

நஷ்டம் வந்துவிட்டால்?

முதலில் உயிரைக் காப்பாற்றுங்கள். சாமான் பிறகு. தீயென்றால் உடனே தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். திருட்டென்றால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

அன்றே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். நாள் கடத்தாதீர்கள்.

சேதம் மேலும் பரவாமல் தடுங்கள். நனையாத சரக்கை மேட்டுக்கு மாற்றுங்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் கெட விடக் கூடாது.

கெட்ட சரக்கை அவசரப்பட்டுக் குப்பையில் கொட்டாதீர்கள். கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்க வேண்டும். அழுகி நாறி, வைத்திருக்கவே முடியாது என்றால், கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, கைப்போனில் நன்றாகப் படம் எடுத்து, எண்ணிக்கை எழுதிக் கொண்டு அகற்றுங்கள். சுவரில் வெள்ளம் ஏறிய கோட்டையும் படம் எடுங்கள்.

சர்வேயர் என்ன கேட்பார்? சரக்குக் கணக்கு, வாங்கிய பில், விற்பனைக் கணக்கு, பாங்குக் கணக்கு. "எல்லாம் கடையோடு போய்விட்டதே!" என்று அழுவதில் பயன் இல்லை. கணக்கு நோட்டின் பிரதி ஒன்றை எப்போதும் வீட்டில் வையுங்கள். மாதம் ஒரு முறை பில்களைக் கைப்போனில் படம் எடுத்து, மகளுக்கோ மகனுக்கோ அனுப்பி வையுங்கள். கடையின் தட்டுகளையும் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பைசா செலவு இல்லாத இந்த வேலை, லட்ச ரூபாயைக் காப்பாற்றும்.

இல்லாத சரக்கை இருந்ததாக எழுதாதீர்கள். ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் கிடைக்காமல் போய்விடும்.

கம்பெனி மறுத்தால்?

"கொடுக்க முடியாது" என்று கம்பெனி எழுதிவிட்டதா? அல்லது மிகவும் குறைத்துவிட்டதா? மனம் உடைய வேண்டாம்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் என்ற நடுவரிடம் போகலாம். 1998-ல் உண்டாக்கப்பட்ட ஏற்பாடு இது. சென்னையிலும் ஓர் அலுவலகம் உண்டு. தனி ஒருவர் நடத்தும் கடைக்கும், குறுந்தொழில்களுக்கும் இவரிடம் முறையிடும் உரிமை இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை விசாரிக்கலாம். கட்டணம் இல்லை. வக்கீல் தேவை இல்லை. கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அவருடைய தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

இதற்குப் போகிறவர் கையில் காகிதம் இருக்க வேண்டும். கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகல், வந்த பதில், சர்வேயர் அறிக்கை எல்லாவற்றையும் பத்திரமாக ஒரு பையில் போட்டு வையுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. எழுதியதற்கு உண்டு.

அன்று இரவு

அண்ணாச்சி கடையைப் பூட்டினார். சாமி விளக்கை அணைத்துவிட்டோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தார். கணவனும் மனைவியும் வீட்டுக்கு நடந்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மகள் ஒரு நோட்டை எடுத்தாள். கடையில் உள்ள ஒவ்வொன்றையும் அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். அரிசி எத்தனை மூட்டை? எண்ணெய் எத்தனை டின்? தராசு என்ன விலை? எழுதி முடிக்க இரவு பதினொரு மணி ஆயிற்று.

கூட்டிப் பார்த்தால், 10 லட்சம் அல்ல. 11 லட்சத்து 40 ஆயிரம்!

"இத்தனை நாளாக என் கடையின் மதிப்பு எனக்கே தெரியவில்லையே!" என்றார் அண்ணாச்சி.

"இப்போதாவது தெரிந்ததே. முழுத் தொகைக்கும் போடுங்க!" என்றாள் மனைவி.

இந்த வேலையை உங்கள் வீட்டில் இன்றைக்கே செய்யலாம். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நோட்டை எடுங்கள். உங்கள் கடையின் மதிப்பை எழுதிக் கூட்டுங்கள். பெட்டியில் கிடக்கும் பாலிசியை வெளியே எடுத்து, தொகை சரியா, முகவரி சரியா, முடியும் தேதி எது என்று பாருங்கள். பாலிசியே இல்லை என்றால், நாளைக்குக் காலையில் நாலு கம்பெனிகளில் விசாரியுங்கள்.

ஆற்று வெள்ளம் சொல்லிவிட்டு வராது. தீயும் நாள் பார்த்து வராது. வானம் தெளிவாக இருக்கும் நாளில்தான் குடை வாங்க வேண்டும்!